நேர்முகப் பரீட்சைக்குப் போகும் தங்கைக்கு

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டி எமது பழைய மாணவியர் சங்கம் உடப்பில் நடத்திய வழிகாட்டல் நிகழ்வில், உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவியர் முன்னிலையில், வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாதலும் நல்லபிப்பிராயம் பெறுதலும்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். அழைப்பிதழில் அதைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. அரசாங்க வைத்தியர்களுக்கு முதல் நியமனம் இறுதிப் பரீட்சையின் தகுதி வரிசைப்படி கிடைக்கிறது. நன்றாகப் பேசினாயா, சேலை நேராகக் கட்டினாயா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனபடியால் இதைப் பேச என்னைவிடப் பொருத்தமானவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு அனுபவங்கள் என்னிடம் உண்டு. ஒன்று, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து தோற்றது. மற்றது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து தோற்றது. இரண்டையும் சொல்கிறேன்.

உயர்தரம் எழுதிவிட்டுக் கல்லூரி விடுதியிலிருந்து பெட்டியோடு ஊருக்கு வந்து, பெறுபேறு வரும்வரை சும்மா இருந்த காலம். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் காரியாலய வேலைக்கு ஆள் தேவை என்று பத்திரிகையில் வந்தது. விண்ணப்பித்தேன், கூப்பிட்டார்கள். விடியற்காலை பஸ்ஸில் சிலாபத்துக்குப் போய், அங்கிருந்து மாறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, அடையாள அட்டையைக் காட்டிக் காட்டிப் போனோம். 1990களில் நம்மவர்கள் கொழும்புக்குப் போனால் அப்படித்தான். துணைக்கு அப்பா வந்தார். பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேட்டைப் போட்டிருந்தார், அதில் கற்பூர வாசம். ஆனாலும் அந்தக் கட்டிடத்துக்குள் அவர் வரவில்லை. "கையில மீன் வாடை இருக்கும், நீ போ மகள்" என்று சொல்லி வெளியே ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார்.

உள்ளே மூன்று பேர். முதற் கேள்வி, பெயர். இரண்டாவது, எந்த ஊர். மூன்றாவது, தகப்பனார் என்ன செய்கிறார்.

"வியாபாரம்" என்றேன்.

"என்ன வியாபாரம்?"

"மீன்."

"ஏற்றுமதியா?"

"ஓம்."

"கம்பனியின் பெயர்?"

அதற்கு மேல் என்னிடம் பொய் இருக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் எனக்கு விடை தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை, ஒரு கடிதம்கூட வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா, "என்ன கேட்டாங்க?" என்றார். "படிப்பைப் பற்றித்தான்" என்றேன். அவர் காலமாகும் வரைக்கும் அதை மாற்றிச் சொல்லவில்லை. இன்றைக்கு இந்த மண்டபத்தில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

இனி இரண்டாவது. சில வருடங்களுக்கு முன் சுகாதாரத் துறையில் ஒரு பயிற்சிக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். அன்று வந்தவர்களில் ஒரு பிள்ளை நம் கடற்கரைப் பக்கம். விலாசத்தைப் பார்த்ததும், "இது என் ஊர்ப் பக்கம்" என்று தலைவரிடம் சொன்னேன். உறவில்லையென்றால் பரவாயில்லை, இருங்கள் என்றார். பிள்ளை வந்தாள், அடக்கமாக அமர்ந்தாள். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். "புத்தகம் வாசிப்பேன்" என்றாள். கடைசியாக வாசித்த புத்தகம் எது என்று கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ பாடமாக்கிக் கொடுத்த விடை அது. நான் தமிழில், "வீட்டில் என்ன வேலை செய்வீர்கள், தங்கச்சி?" என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை டொக்டர்" என்றாள். என்ன கேட்டாலும் 'ஒன்றும் இல்லை', இல்லாவிட்டால் ஒரு தலையாட்டல். என் முன்னால் புள்ளித் தாள் இருந்தது. பேசாத பிள்ளைக்கு எந்த நிரலில் எதை எழுதுவது? அவள் தெரிவாகவில்லை.

அந்த வருடம் ஆடியில், திரௌபதை அம்மன் கோவில் திருவிழாவுக்கு வந்திருந்தபோது அவளுடைய தாயைச் சந்தித்தேன். பேச்சுவாக்கில் சொன்னார்: அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பதினைந்து வயதிலிருந்து அவருடைய கரைவலைக் கணக்கு முழுவதையும் எழுதுவது அவள்தானாம். எத்தனை பேர் வலை இழுத்தார்கள், என்ன மீன், எத்தனை கிலோ, ஏலத்தில் என்ன விலை போனது, வலைக்கு எவ்வளவு பங்கு, ஆளுக்கு எவ்வளவு, முன்பணம் வாங்கியவர் யார், எல்லாம் அவளுடைய கொப்பியில் இருக்கிறது. பங்குக் காசில் பத்து ரூபாய் பிசகினாலும் கரையில் சண்டை வரும் என்பது உங்களுக்குத் தெரியும். சண்டை வராமல் மூன்று வருடம் கணக்கு வைத்த பிள்ளை, 'வீட்டில் என்ன வேலை' என்று கேட்டதற்கு 'ஒன்றும் இல்லை' என்றாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நான் 'வியாபாரம்' என்றேன், அவள் 'ஒன்றும் இல்லை' என்றாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் என்மேல் எனக்கு வருத்தம் உண்டு. நான் கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கலாம். 'தகப்பனாருக்குத் தொழிலில் உதவி செய்வீர்களா' என்று ஒரு வசனம் கூட்டிக் கேட்டிருந்தால் போதும். கடற்கரையில் பிறந்த எனக்கே அது அந்த நேரம் தோன்றவில்லை. அப்படியிருக்க, கண்டியிலோ குருநாகலிலோ பிறந்த ஒருவருக்கு எப்படித் தோன்றும்? அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவையும் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை சொல்லியிருக்கக்கூடிய விடையை நான் பலமுறை மனதில் எழுதிப் பார்த்திருக்கிறேன்: "அப்பாவுக்குக் கரைவலைத் தொழில். நான் மூன்று வருடமாக அதற்குக் கணக்கு எழுதுகிறேன். வலை இழுக்கும் ஆட்களுக்குப் பங்கு பிரிப்பதும் நான்தான். கணக்கில் சந்தேகம் வந்தால் கொப்பியைக் காட்டி விளங்கப்படுத்துவேன்." நான்கு வசனம். இதில் பொய் இல்லை, பெருமையடிப்பும் இல்லை. இதைக் கேட்டால் எதிரில் இருப்பவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் வரும். நல்லபிப்பிராயம் என்று தலைப்பில் போட்டிருக்கிறார்களே, அதை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் கரைவலைக் கணக்கு எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். சோளகம் தொடங்கி அப்பா கிழக்குக் கரைக்கு வாடி போடப் போன மாதங்களில் வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்கள். அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், டொக்டர் சிங்களத்தில் சொன்னதை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தவர்கள் இருக்கிறீர்கள். இது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். தாதியர் பயிற்சிக்கோ குடும்ப நல உத்தியோகத்தர் பயிற்சிக்கோ போகிற ஒருவருக்கு இதைவிட நல்ல முன்னனுபவம் என்ன இருக்கிறது? இன்று வீட்டுக்குப் போய் ஒரு தாளில், நான் செய்யும் வேலைகள் என்று எழுதிப் பாருங்கள். எழுதத் தொடங்கும்போது 'ஒன்றும் இல்லை' என்றுதான் தோன்றும்.

இப்போது கடதாசி விஷயம். இது அலுப்பானது, ஆனால் பேச்சில் தோற்றவர்களைவிடக் கடதாசியில் தோற்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கப் பதவிகளுக்கு வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியில் அறிவித்தல் வரும். முழுவதையும் வாசியுங்கள், சம்பளப் பந்தியை மட்டும் வாசிக்காதீர்கள். நேர்முகப் பரீட்சை எப்படிப்பட்டது என்று அதிலே சொல்லியிருப்பார்கள். 'பொது நேர்முகப் பரீட்சை' என்றால் அங்கே புள்ளி இல்லை. உங்கள் தகைமைகள் சரியா, சான்றிதழ்கள் உண்மையா என்று மட்டும் பார்ப்பார்கள். 'கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை' என்றால் எதற்கு எத்தனை புள்ளி என்று ஒரு திட்டம் இருக்கும். மேலதிகத் தகைமை, அனுபவம், விளையாட்டு, மொழி என்று பதவிக்குப் பதவி மாறும். கையில் சான்றிதழ் இருந்தால் புள்ளி, இல்லாவிட்டால் இல்லை. வலைப்பந்தாட்டத்தில் மாகாண மட்டத்துக்குப் போனவர், அந்தச் சான்றிதழை அலுமாரியில் வைத்துவிட்டுப் போனால் போகாதவருக்குச் சமம். இன்னொன்று: மும்மொழி அறிவித்தல்களுக்கிடையே வித்தியாசம் இருந்தால் சிங்கள அறிவித்தலே செல்லுபடியாகும் என்று பல அறிவித்தல்களின் கடைசியில் போட்டிருப்பார்கள். ஆகவே சந்தேகமான இடத்தில் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் அதையும் வாசித்துக் கேளுங்கள்.

பெயர்ப் பிரச்சினைக்கு வருவோம். நம் பக்கத்தில் பிறப்பைப் பதியும்போது பெயர் சிங்கள எழுத்தில் விழுவது சாதாரணம். சிங்களத்தில் 'ழ' இல்லை. கயல்விழி அங்கே 'கயல்விலி' ஆகிவிடுவாள். அதைப் பார்த்து அடையாள அட்டையில் ஒரு விதமாக எழுதுவார்கள். பாடசாலையில் ஆசிரியை அழகாக 'ழ' போட்டுப் பரீட்சைக்கு அனுப்புவார். கடைசியில் மூன்று கடதாசியில் மூன்று பிள்ளைகள். நேர்முகப் பரீட்சை அன்று, "இது மூன்றும் நீங்கள்தானா?" என்று கேட்பார்கள். கேட்பது அவர்களுடைய கடமை. சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டுபோகலாம், சில இடங்களில் அது போதும். ஆனால் பிறப்புப் பதிவிலேயே திருத்தி எடுப்பதுதான் நிரந்தர வழி. அதற்கு மாதக் கணக்கில் நாள் பிடிக்கும். கடிதம் வந்த பிறகு ஓட முடியாது. தாய்மார்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். இன்றிரவு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

மூலப் பிரதிகள் ஒரு கோவையில், போட்டோகொப்பிகள் இன்னொரு கோவையில், கேட்டிருக்கும் ஒழுங்கிலேயே அடுக்குங்கள். பாடசாலை தரும் பெறுபேற்றுத் தாள் வேறு, பரீட்சைத் திணைக்களத்தின் சான்றிதழ் வேறு. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழைப் பழைய திகதியில் கொண்டுபோகாதீர்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். இதற்கு மேல் கடதாசியைப் பற்றிச் சொன்னால் தூங்கிவிடுவீர்கள்.

மொழி. நம் பிள்ளைகளுக்கு இருக்கிற பெரிய பயம் இதுதான். அரசாங்க சேவையில் சேர்வதற்கான பரீட்சையைச் சிங்களத்திலோ தமிழிலோ தாம் விரும்பும் மொழியில் எழுதும் உரிமை நம் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. மற்ற மொழியைக் குறித்த காலத்துக்குள் கற்கும்படி கேட்கலாம் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. 2007இலிருந்து புதிதாகச் சேர்பவர்கள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்டவேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. அது சிங்களம் பேசுகிறவர்களுக்கும் தமிழைக் கட்டாயமாக்கியது என்பதை மறக்க வேண்டாம். நேர்முகத்தில் நடைமுறை எப்படியென்றால், குழுவில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கேள்வி விளங்கவில்லை என்றால் தலையாட்டாதீர்கள். அது மட்டும் வேண்டாம். எதற்கு 'ஓம்' சொன்னோம் என்று தெரியாமல் ஓம் சொல்லிவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். "சமாவென்ன சேர், மட்ட தேருணே நே" என்று சொல்லுங்கள். மன்னியுங்கள், எனக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான் பொருள். பிறகு தமிழில் பதில் சொல்ல அனுமதி கேளுங்கள். சிலாபத்துச் சந்தையில் கருவாட்டுக்குச் சிங்களத்தில் பேரம் பேசும் நம் பெண்கள், ஒரு அறைக்குள் போனதும் அந்தச் சிங்களத்தை வாசலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பிழையாகப் பேசினாலும் பேசுங்கள். சிரிக்கமாட்டார்கள். சிரித்தாலும் நல்ல சிரிப்பாகத்தான் இருக்கும்.

உடம்பைப் பற்றி ஒரு வைத்தியராக இரண்டு வார்த்தை. பயம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு அடிக்கும், கை குளிரும், நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டும். இது நோயுமில்லை, கோழைத்தனமுமில்லை. உங்களுக்கு முன்னால் போன பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்தது. உள்ளே போவதற்கு முன் மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிடக் கூடுதல் நேரம் எடுத்து வெளியே விடுங்கள், ஏழெட்டுத் தரம். நெஞ்சடிப்புக் கொஞ்சம் இறங்கும். ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். நேர்முகப் பரீட்சை வெள்ளிக்கிழமை வந்தால் தயவுசெய்து விரதம் இருக்காதீர்கள். முதல் பஸ்ஸுக்கு வெறுவயிற்றோடு ஏறி, பதினொரு மணிவரை வெயிலில் வரிசையில் நின்று, உள்ளே வந்ததும் மயங்கி விழுந்த பிள்ளையை நான் நாற்காலியில் கிடத்தித் தேநீர் கொடுத்திருக்கிறேன். அம்மன் கோபிக்கமாட்டா. அடுத்த வெள்ளி பிடித்துக்கொள்ளலாம். முடியுமென்றால் முதல்நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள்.

உடுப்பைப் பற்றி ஏதாவது சொல்லத்தான் வேண்டும் என்று செயலாளர் சொன்னார். சேலையோ, சல்வாரோ, கௌரவமான சட்டையோ, எதுவானாலும் சரி. அக்காவின் சேலையை அன்றுதான் முதன்முதலாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். கவனம் எல்லாம் பின்னில் இருக்கும். தொலைபேசியை நிறுத்திவிடுங்கள். அமரச் சொன்ன பிறகு அமருங்கள், கேட்டவரைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். ஆண்களின் கண்ணைப் பார்க்க வெட்கமாக இருந்தால் நெற்றியைப் பாருங்கள், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

இனி வீட்டில் பேசித் தீர்க்கவேண்டிய ஒன்று. பெரும்பாலான அரச பதவிகளில் இலங்கையின் எந்தப் பகுதியிலும் கடமையாற்ற வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. "அனுராதபுரத்துக்கு அனுப்பினால் போவீர்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். கல்யாணம் முடித்ததும் விட்டுவிடுவீர்களா என்றும் சிலர் கேட்பார்கள். அப்படிக் கேட்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம், ஆனாலும் கேட்கிறார்கள். அறைக்குள் இருந்துகொண்டு 'அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்ல முடியாது. கடிதம் வந்த அன்றைக்கே வீட்டில் கேளுங்கள். அப்பா மாட்டேன் என்றால், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. தெரிவாகி, நியமனக் கடிதம் வந்து, ஊரைவிட்டு அனுப்பமாட்டோம் என்று வீட்டார் கிழித்துப்போட்ட கதையும் இந்தக் கரையில் உண்டு. தாய்மார்களே, விடுதிக்கு அனுப்பிப் படிக்கவைத்தவர்கள் நீங்கள். பத்து வயதில் அனுப்பிய பிள்ளையை இருபத்திரண்டு வயதில் ஏன் அனுப்பப் பயப்படுகிறீர்கள்?

சிபாரிசைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் ஊருக்குப் பொய் சொன்னதாகிவிடும். சிபாரிசே நடப்பதில்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கடிதத்தோடு வந்து தெரிவாகாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன், யாரையும் தெரியாமல் வந்து முதலாவதாகத் தெரிவானவர்களையும் பார்த்திருக்கிறேன். கடிதத்துக்காக நான்கு நாள் அலைவதைவிட, அந்த நான்கு நாளில் பிறப்புச் சான்றிதழைத் திருத்துங்கள். வேலை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவருக்கு மட்டும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நகையை ஈடு வைத்துக் கொடுத்துவிட்டு, சொல்லியழ வெட்கப்பட்டு என்னிடம் நித்திரைக் குளிசை கேட்டு வந்த தாய்மார் இருக்கிறார்கள்.

தெரியாத கேள்வி வந்தால் 'தெரியாது, அறிந்துகொள்கிறேன்' என்பது நல்ல விடை. நான் குழுவில் இருந்த நாட்களில் அதற்கு ஒருபோதும் புள்ளி குறைத்ததில்லை.

அந்தக் கணக்குப் பிள்ளையை மறந்துவிடவில்லை. தாயின் மூலம் அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். அடுத்த முறை வேறொரு பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். போவதற்கு முன் எங்கள் வீட்டு மேசையில் வைத்து அவளை நான் கேள்வி கேட்டேன். தகப்பனின் தொழிலைச் சொல்லும்போது முதல் மூன்று தரமும் குரல் இறங்கியது. நான்காம் தரம் இறங்கவில்லை. தெரிவானாளா என்று கேட்கிறீர்கள். பெறுபேறு இன்னும் வரவில்லை. அவள் இன்றைக்கு இந்த மண்டபத்தில் இருக்கிறாள், எங்கே என்று காட்டமாட்டேன்.

தேநீருக்குப் பிறகு, பின்னாலுள்ள வகுப்பறையில் ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் போட்டிருக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வங்கியில் வேலைசெய்யும் நம் பழைய மாணவி ஒருவர், நான், மூவரும் இருப்போம். ஆளுக்குப் பத்து நிமிடம். ஒரு கேள்வி சிங்களத்தில் வரும், இப்போதே சொல்லிவிட்டேன். கதவோரமாக இருக்கும் தங்கச்சி முதலில் வரட்டும். கதவைத் தட்டிவிட்டு வாருங்கள்.